முட்டி நிற்கும் தெருக்கள்: தாம்பரமும் தென்சென்னைப் புறநகரும்

தாம்பரத்து நெரிசலைப் பற்றிய பேச்சு ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. பல்லாவரம் மேம்பாலம், பெருங்களத்தூர் மேம்பாலம், 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம், விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை 15.46 கி.மீ. நீளத்துக்குத் திட்டமிடப்பட்டிருக்கும் மெட்ரோ என்று செலவும் விவாதமும் அந்த ஒரே சாலையைச் சுற்றியே நடக்கின்றன. அந்தச் சாலையில் நிற்கும் வண்டிகளில் வெளியூருக்குப் போகிறவை எவை, பக்கத்து நகரில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போக வேறு வழியில்லாமல் ஏறியவை எவை என்று பெரும்பாலும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்துப் பார்த்தால் கேள்வி சாலையின் அகலத்தை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் இருக்கும் தெருக்களுக்குப் போகும். அந்தத் தெருக்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. தென்சென்னைப் புறநகரின் மூலக் குறை அதுதான் என்பது என் முடிவு. எப்படி இந்த நிலைமை வந்தது, அதனால் யாருக்கு என்ன இழப்பு, இன்னும் மனை பிரிக்காத ஊர்களிலாவது இதைத் தடுக்க முடியுமா என்று பார்க்கலாம்.

முதலில் நிலத்தின் அமைப்பு. 1931இல் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கத்து வளர்ச்சி தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே வந்தது. பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம் என்று ஒவ்வொரு நிலையத்தையும் சுற்றி வீடுகள் எழுந்தன. ஆனால் ரயில் வந்த காலத்திலிருந்தே பெரிய பெரிய வளாகங்களும் இங்கே வந்து உட்கார்ந்தன. காசநோய் சானடோரியம் 1928இல் வந்தது. சென்னை கிறித்தவக் கல்லூரி 1937இல் கிழக்குத் தாம்பரத்தில் 365 ஏக்கருக்கு இடம்பெயர்ந்தது. சேலையூர்ப் பக்கம் விமானப்படைத் தளம், வடக்கே மீனம்பாக்கம் விமான நிலையம், பல்லாவரம் கண்டோன்மென்ட், 1984இல் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம், 1985இல் வண்டலூர் உயிரியல் பூங்கா, அதை ஒட்டிய காப்புக்காடு, நன்மங்கலம் காப்புக்காடு. இவை எல்லாம் வேண்டியவைதான். காடும் கல்லூரி வளாகமும் இல்லையென்றால் இந்தப் பகுதியில் இவ்வளவு மரங்கள் மிஞ்சியிருக்காது. ஆனால் இவற்றுக்கு நடுவே மிஞ்சிய நிலம் துண்டு துண்டாகத்தான் இருந்தது. அந்தத் துண்டுகளையும் நட்டநடுவே தண்டவாளம் கிழக்கு, மேற்கு என்று பிரித்துவிட்டது. வண்டியோடு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகச் சில மேம்பாலங்களும் சுரங்கப்பாதைகளும்தான் வழி. குரோம்பேட்டை ராதா நகர் ரயில்வே கேட்டுக்கான சுரங்கப்பாதை ஆண்டுக்கணக்கில் இழுத்தபோது அந்தப் பகுதி மக்கள் பட்ட பாடு ஊரறிந்தது.

இப்படி இயற்கையாகவும் அரசாலும் துண்டான நிலத்தில், மிஞ்சிய இடத்திலாவது தெருக்களை நன்றாகக் கோத்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. அதற்கான காரணம் லேஅவுட் போடும் முறையில் இருக்கிறது.

இந்தப் புறநகர் முழுவதும் ஏரிப்பாசன ஊர்கள். செம்பாக்கம், சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், வேங்கைவாசல் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஓர் ஏரி, அதன் கீழே நஞ்சை, மேட்டில் புஞ்சை. நிலம் சர்வே எண்களாகவும் உட்பிரிவுகளாகவும் பல குடும்பங்களின் பெயரில் பட்டாவில் இருந்தது. ஊருக்கு ஊர் போக வண்டிப்பாதை இருந்தது. பழைய வண்டிப்பாதைகளில் பல பின்னாளில் தார் போட்டு முதன்மைச் சாலைகளாயின. வயலுக்குள் போக வரப்பு போதும், தெரு தேவைப்படவில்லை. மனை வியாபாரம் வந்தபோது ஒரு குடும்பம் தன் இரண்டு ஏக்கரை விற்றது. வாங்கியவர் அந்த இரண்டு ஏக்கருக்குள் எத்தனை மனை தேறும் என்று கணக்குப் போட்டார். பஞ்சாயத்து ரோட்டிலிருந்து உள்ளே ஒரு இருபதடி அல்லது முப்பதடிச் சாலை, இருபுறமும் மனைகள், கடைசியில் சர்வே எல்லை. சாலை அங்கே முட்டி நின்றது. அடுத்த சர்வே எண்ணை ஐந்து வருடம் கழித்து வேறொருவர் வாங்கினார். அவருடைய சாலை வேறு பக்கமிருந்து வந்து அதே எல்லையின் மறுபுறம் முட்டியது. நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர்.

சாலையை எல்லை வரை நீட்டி, பக்கத்து நிலத்துக்கு வழி விட்டு வைப்பதில் மனை போடுபவருக்கு லாபம் ஏதும் இல்லை. ஒரு மனைக்கு உரிய இடம் போகும். பக்கத்து நிலத்தின் மதிப்பு ஏறும், அந்தப் பணம் இவருக்கு வராது. தெரு இணைப்பு என்பது எல்லோருக்கும் பயன்படும், எவருக்கும் சொந்தமாக வராத ஒரு பொருள். அதைச் சந்தை தானாகத் தராது. விதியோ பொது அமைப்போதான் தர வேண்டும். விதியும் மறைமுகமாகச் சிறிய லேஅவுட்டுகளைத்தான் வளர்த்தது. சென்னைப் பெருநகர் எல்லைக்குள் 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 விழுக்காட்டைப் பூங்காவுக்கு ஒதுக்க வேண்டும் என்ற நல்ல விதி, அந்த அளவுக்குக் கீழேயே நிறுத்திக்கொள்ளும் ஆசையையும் கூடவே கொண்டுவந்தது. அங்கீகாரமே இல்லாத மனைகளின் கதை தனி. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றின் பத்திரப்பதிவை நிறுத்திய பிறகு, அந்த ஆண்டு அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் 2017இல் வந்தன. லட்சக்கணக்கான நடுத்தரக் குடும்பங்களின் சேமிப்பு அந்த மனைகளில் இருந்தது, அவர்களை அப்படியே தவிக்கவிட முடியாது. ஆனால் வரன்முறைப்படுத்தும்போது வளர்ச்சிக் கட்டணம் வாங்கிய அளவுக்கு, அந்தத் தெருக்களை ஒன்றோடொன்று சேர்க்க எதுவும் வாங்கவில்லை. முட்டுச்சந்துகளும் சேர்ந்தே சட்டபூர்வமாயின.

இதற்கு விலக்கும் உண்டு. குரோம்பேட்டை நியூ காலனியில் மெயின் ரோடும் குறுக்குத் தெருவும் எண் போட்டு அடுக்காகப் போகும். ஒரு தெரு அடைபட்டால் அடுத்ததில் திரும்பிவிடலாம். ஒரே நேரத்தில், ஒரே கையால் வரைந்த இடம் அது. அதற்கும் பத்து நிமிடத் தொலைவில் பின்னாளில் முளைத்த நகர்களுக்கும் உள்ள வேறுபாடு, அங்கே நடந்து பார்த்தவர்களுக்கு விளங்கும்.

தெருக்கள் எவ்வளவு இணைந்திருக்கின்றன என்பதை அளக்க முடியும். ஒரு சந்திப்பில் சராசரியாக எத்தனை கிளைகள் கூடுகின்றன, முட்டி நிற்கும் தெருக்கள் எத்தனை விழுக்காடு, பறவை பறக்கும் தூரத்தைவிட நடக்கும் தூரம் எத்தனை மடங்கு என்பவை அளவைகள். கிறிஸ்டோபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லார்ட்-பால் ஆகிய இருவரும் இந்த அளவைகளைச் சேர்த்து உலகம் முழுவதற்கும் ஒரு குறியீடு கணக்கிட்டு 2020இல் வெளியிட்டார்கள். 1975க்குப் பிறகு உலகின் பெரும்பகுதியில் புதிதாகப் போடப்படும் தெருக்கள் முன்பைவிடக் குறைவாக இணைகின்றன என்பது அவர்கள் கண்டது. தென்கிழக்கு ஆசியாவில் வாயிற்கதவு போட்ட குடியிருப்புகள் இதைக் கூட்டுகின்றன. பொலிவியா, பெரு, அர்ஜென்டினா நகரங்களில் கட்டம் கட்டமான தெருக்கள் இன்னும் தொடர்கின்றன. அமெரிக்காவைப் பற்றி அவர்கள் 2015இல் எழுதிய ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. முட்டுத்தெருக்களை அரசே பரிந்துரைத்த அந்த நாட்டில், 1990களின் நடுவில் அந்தப் போக்கு உச்சம் தொட்டுப் பிறகு இறங்கத் தொடங்கியது. அதாவது போக்கைத் திருப்ப முடியும். ஆனால் ஏற்கெனவே போட்ட தெருக்கள் அப்படியே இருக்கின்றன. வீடு இடிந்து வேறு வீடு வரும், கடை வணிக வளாகமாகும், தெரு மட்டும் இடம் மாறுவதில்லை. சதுர கி.மீ.க்கு 18 கி.மீ. தெரு, 80 முதல் 100 சந்திப்புகள், நிலத்தில் 30 விழுக்காடு தெருவுக்கு என்று ஐ.நா.வின் வாழ்விட அமைப்பு பரிந்துரைக்கிறது. நூறு மீட்டருக்கு ஒரு தெரு குறுக்கே வந்தால் இந்தக் கணக்கு கிடைத்துவிடும்.

கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் 1965இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பே நகரம் மரம் அல்ல என்பதுதான். மரத்தில் ஓர் இலையிலிருந்து பக்கத்து இலைக்குப் போகக் கிளை வழியாக இறங்கி அடிமரம் வரை வந்து வேறு கிளையில் ஏற வேண்டும். தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலை அடிமரம். வேளச்சேரி சாலை, முடிச்சூர் சாலை, மாடம்பாக்கம் சாலை கிளைகள். நகர்கள் இலைகள். கொல்லைப்புறச் சுவருக்கு அப்பால் தெரியும் கடைக்குப் போக கேம்ப் ரோடு சந்திப்பைச் சுற்றி வர நேர்கிறது.

இந்தச் சுற்றின் விலையை முதலில் கொடுப்பவர்கள் நடப்பவர்கள். இருநூறு மீட்டர் தூரத்தைக் குழந்தையும் முதியவரும் நடந்துவிடுவார்கள். அதுவே ஒன்றரைக் கி.மீ. ஆகி, அதிலும் பாதி நடைபாதை இல்லாத முதன்மைச் சாலையாக இருந்தால் வீட்டில் ஒரு ஸ்கூட்டர் வாங்கியே தீர வேண்டும். ஆளுக்கொரு வண்டி என்ற நிலை ஆடம்பரத்தால் வந்ததென்று சொல்கிறவர்கள் இந்தத் தெருக்களைப் பார்க்க வேண்டும். பேருந்தும் உள்ளே வர முடியாது. நுழைந்த வழியிலேயே திரும்ப வேண்டிய தெருவில் வழித்தடம் போட முடியாது. அதனால்தான் பெரிய பேருந்து போகாத புறநகர்களுக்கென்று 2013 அக்டோபரில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் சிற்றுந்துகளை விட்டது. ஷேர் ஆட்டோ முதன்மைச் சாலையில்தான் நிற்கும், கடைசி ஒரு கிலோமீட்டர் நம் பாடு. தண்ணீர் லாரி, குப்பை வண்டி, ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி எல்லாவற்றுக்கும் இதே சிக்கல்.

பெரும்பாக்கத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்தும் நகரின் மற்ற இடங்களிலிருந்தும் பெயர்க்கப்பட்ட குடும்பங்களுக்காக அங்கே இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்டப்பட்டன. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இடத்திலிருந்து இருபது கி.மீ. தள்ளி வந்தவர்களுக்கு, வெளியே போகக் கிடைத்த வழிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வீட்டு வேலைக்குப் போகும் பெண் ஒருவருக்குப் பக்கத்து அடுக்குமாடி வளாகத்துக்கு நேர்வழி இருந்தால் நடந்தே போய் இரண்டு வீடு கூடுதலாகப் பார்க்கலாம். சுற்றுவழியில் பேருந்துக்குக் காத்திருந்தால் அந்தக் கூலி போய்விடும்.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் இந்த அமைப்பு உயிருக்கே உலை வைத்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. அடையாற்றின் மேற்பகுதியில் இருக்கும் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. வெள்ளத்துக்குக் காரணம் தெருக்கள் என்று சொல்லவில்லை. ஆற்றின் கரையிலும் ஏரிகளின் போக்குக் கால்வாய்களிலும் கட்டியதுதான் காரணம். ஆனால் ஒரே வாசல் கொண்ட லேஅவுட்டில் அந்த வாசல் தாழ்ந்திருந்தால் உள்ளே இருப்பவர்கள் தீவில் மாட்டியவர்கள் ஆகிறார்கள். மேட்டுப் பக்கம் சுவர், பள்ளத்துப் பக்கம் வழி. சுவர் இல்லாமல் தெரு இருந்திருந்தால் படகு வரும் முன்பே பலர் நடந்து வெளியேறியிருப்பார்கள். மழைநீர் வடிகாலுக்கும் இதே கதிதான். வடிகால் தெருவை ஒட்டித்தான் போகும். தெரு முட்டும் இடத்தில் வடிகாலும் முட்டும்.

இந்தச் சிறிய இணைப்புகள் இல்லாததற்கு நாம் கண்ட மருந்து பெரிய கட்டுமானம். மேடவாக்கத்தில் 2.03 கி.மீ. நீள மேம்பாலம் 2022 மே மாதம் திறக்கப்பட்டது. மூன்று திசைச் சாலைகள் ஒரே முனையில் கூடியதால் வந்த நெரிசலை அது குறைத்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த முனைக்கு வராமலேயே ஒரு தெருவிலிருந்து அடுத்ததற்குப் போக வழி இருந்திருந்தால் அந்தப் பாலம் அவ்வளவு சுமக்க வேண்டியிருந்திருக்காது. தாம்பரம் கிழக்குப் புறவழிச்சாலையும் பல ஆண்டுகளாகப் பேச்சிலேயே இருக்கிறது. பல்லாவரம் – துரைப்பாக்கம் ரேடியல் சாலை நல்ல இணைப்புதான். அது பல்லாவரம் பெரிய ஏரியை இரண்டாகப் பிளந்தது, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் குறுக்கேயும் போனது. 1,247 ஹெக்டேர் பரப்புக்கு 2022இல் ராம்சர் தகுதி பெற்ற அந்தச் சதுப்பு நிலம், செம்பாக்கம் முதலான ஏரிகளின் மிகுநீர் எல்லாம் வந்து சேரும் இடம். பத்துச் சிறு தெருக்களில் முடிந்திருக்க வேண்டிய காரியத்தை ஒரே பெருஞ்சாலையில் முடிக்கப் போகும்போது அது நீரின் வழியில்தான் போய் விழுகிறது, ஏனென்றால் வீடு இல்லாத நிலம் அதுதான். இந்தத் தொடர்பு போதிய அளவு பேசப்படவில்லை.

முட்டுத்தெருவில் வாழ்பவர்களுக்கு அது பிடித்திருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வண்டிச் சத்தம் இல்லை, பிள்ளைகள் தெருவில் கிரிக்கெட் ஆடலாம், செயின் பறிப்பவன் ஒரு வழியாகத்தான் ஓட முடியும். சுவரை உடைத்தால் ஜி.எஸ்.டி.க்குக் குறுக்குவழி தேடும் கார்கள் எல்லாம் வாசலில் வந்து நிற்கும் என்று நலச்சங்கங்கள் அஞ்சுவது நியாயமானது. இதற்கு விடை இருக்கிறது. நெதர்லாந்தின் ஹவுட்டன் என்ற ஊரில் கார்கள் வெளிச்சுற்றுச் சாலை வழியாகத்தான் பேட்டை மாற முடியும். சைக்கிளும் நடையும் நேராக ஊடே போகும். இங்கும் எல்லாச் சுவர்களையும் காருக்குத் திறக்கத் தேவையில்லை. ஆறடி அகலத்தில் நடைவழியும், இரண்டு கல்தூணும், ஒரு விளக்கும் போதும். பள்ளிக்கும் கடைக்கும் ரயில் நிலையத்துக்கும் போகும் நடையில் பெரும்பகுதி அதில் மீண்டுவிடும். வாயிற்கதவு போட்ட பெரிய குடியிருப்புகளுக்கும் இதுவே பொருந்தும், இன்னும் கண்டிப்பாகவே பொருந்தும். பத்து ஏக்கர் வளாகத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பினால் சுற்றியிருக்கும் ஊர் முழுவதும் அதை வலம் வர வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இது தெரியாத வித்தை இல்லை. 1920ஆம் ஆண்டின் சென்னை நகரத் திட்டச் சட்டத்தின் கீழ் அந்தப் பத்தாண்டிலேயே தியாகராய நகர் உருவானது. அதற்காக அங்கிருந்த ஏரியைத் தூர்த்தது இன்றைய கண்ணுக்குப் பிழை. ஆனால் மனை விற்கும் முன் தெருவை வரைந்தது சரி. வீட்டுவசதி வாரியம் அண்ணா நகரையும் கே.கே. நகரையும் அப்படித்தான் போட்டது. அந்த நகர்களில் தெருக்கள் தனி மனிதரின் நிலத்தோடு முடியாமல் நகரின் தேவைப்படி ஓடுகின்றன. 1971 நகர் ஊரமைப்புச் சட்டமும், 2008இன் இரண்டாம் முழுமைத் திட்டமும் வந்த பிறகும் தாம்பரத்தைச் சுற்றிய பஞ்சாயத்துகளில் அந்தப் பழக்கம் வந்து சேரவில்லை. திட்டம் நில உபயோகத்துக்கு வண்ணம் தீட்டியது, இங்கே குடியிருப்பு, அங்கே தொழில் என்று. உள்தெருக்களை வரையும் வேலை மனை போடுபவரிடம் போனது. சுற்றியுள்ள சாலைகளோடு சேர்க்க லேஅவுட்டுக்குள் புதிய இணைப்புச் சாலையைப் புகுத்தும் உரிமை சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) விதிகளிலேயே இருக்கிறது. அதை வழக்கமாகவே பயன்படுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

வேறு இடங்களில் செய்ததைப் பார்க்கலாம். குஜராத்தில் 1915ஆம் ஆண்டின் பம்பாய் நகரத் திட்டச் சட்டத்திலிருந்து வரும் மரபுப்படி, பல உரிமையாளர்களின் நிலத்தைக் காகிதத்தில் ஒன்றுசேர்த்து, தெருவும் பூங்காவும் வரைந்து, ஒவ்வொருவருக்கும் ஒழுங்கான வடிவில் மிச்ச நிலத்தைத் திருப்பித் தருகிறார்கள். அகமதாபாத்தின் 76 கி.மீ. சர்தார் படேல் வட்டச் சாலைக்கும் இந்த வழியில் நிலம் கிடைத்தது. தமிழ்நாட்டிலும் 1971 சட்டத்தைத் திருத்தி நில ஒருங்கிணைப்புக்கு இடம் தந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 2009இல் வேறொரு பிடியைக் கண்டுபிடித்தது. பக்கத்து நிலத்தோடு சேரும்படி போடாத தெருக்களைப் பராமரிக்க மாநிலம் ஏற்காது என்று விதித்தது. மனை போடுபவர்களின் எதிர்ப்பால் இரண்டே ஆண்டில் விதி தளர்ந்தது என்பதும் உண்மை. இருந்தாலும் அந்தப் பிடி நம்மிடமும் உண்டு. இங்கே லேஅவுட் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தால்தான் ஒப்புதல் முடியும். எல்லை வரை திறந்திருக்கும் சாலையைத்தான் தானமாக ஏற்போம், கடைசி ஓர் அடியை மனையாக வைத்துக்கொள்ள விடமாட்டோம் என்று பஞ்சாயத்தோ மாநகராட்சியோ சொன்னால் போதும்.

2021 நவம்பர் 3 அன்று ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது, 87.64 சதுர கி.மீ., 70 வார்டுகள். பல்லாவரத்துத் தெருவும் பம்மல் தெருவும் முட்டிய இடத்தில் முன்பு இரண்டு உள்ளாட்சிகள் ஒன்றையொன்று கைகாட்டின. இப்போது அந்தச் சாக்கு இல்லை. வார்டு வாரியாக முட்டி நிற்கும் தெருக்களைக் கணக்கெடுத்து, ஒரு மனையை வாங்கினால் அல்லது அதன் ஓரத்தில் ஆறடி வாங்கினால் எத்தனை வீடுகளுக்கு ரயில் நிலையமும் பள்ளியும் நடை தூரத்தில் வரும் என்று வரிசைப்படுத்தலாம். ஒரு மேம்பாலத்தின் செலவில் இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான திறப்புகள் நடக்கும். நிலம் கொடுப்பவருக்குப் பணத்துக்குப் பதில் வளர்ச்சி உரிமையை மாற்றித் தரவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

இதைவிட அவசரமானது வெளிவட்டம். சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 சதுர கி.மீ.யாக 2022 அக்டோபரில் விரித்தார்கள். 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாம் முழுமைத் திட்டம் வரையப்படுகிறது. அகரம்தென், நெடுங்குன்றம், மண்ணிவாக்கம், மணிமங்கலம், படப்பை பக்கங்களில் இன்னும் வயலும் புஞ்சையும் மிச்சம் இருக்கிறது. வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வந்த பிறகு அங்கே மனை விளம்பரப் பலகைகள் வேகமாக முளைக்கின்றன. முழுமைத் திட்டம் வரும்வரை காத்திருந்தால் அதற்குள் பல சர்வே எண்களில் சுவர் எழுந்துவிடும். அரைக் கி.மீ.க்கு ஒரு இணைப்புச் சாலை எந்தச் சர்வே எண் வழியாகப் போகும் என்பதை ஊர் வாரியாகப் புலப்படத்தின் மேல் வரைந்து, தமிழில் வெளியிட்டு, சார்பதிவாளர் அலுவலகங்களிலும் பஞ்சாயத்து அலுவலகங்களிலும் இப்போதே ஒட்டிவைக்கலாம். ஏரி, அதன் கலங்கல், போக்குக் கால்வாய், சதுப்பு, காப்புக்காடு ஆகியவற்றை முதலில் குறித்துவிட்டு, சாலைக் கோடுகளை அவற்றைத் தொடாமல் போடவேண்டும். கால்வாய்க் கரைகளில் நடைவழி மட்டும் போகட்டும். மனை வாங்கப் போகும் குடும்பம் பட்டா, வில்லங்கச் சான்று, அங்கீகார எண் ஆகியவற்றோடு இன்னும் ஒன்றையும் கேட்கட்டும்: இந்தத் தெரு கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது?